இனுயிட் கதைகள்: எட்டு வயதுக்கு எதில் தொடங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. என் மகளுக்கு எட்டு வயது. துருவக்கரடி படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து தினமும் ராத்திரி ஆர்க்டிக் கதைதான், அதாவது அங்கே வாழும் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கதைதான் கேட்கிறாள்.

நார்வால் திமிங்கலம் பிறந்த கதையைச் சொன்னேன். பார்வையில்லாத பையனுக்கு லூன் பறவை பார்வையைத் திருப்பித் தருகிறது. அவனை ஏமாற்றிய தாயை ஈட்டிக் கயிறோடு ஒரு திமிங்கலம் கடலுக்குள் இழுத்துப் போகிறது. அவளுடைய முறுக்கிய கூந்தல்தான் நார்வாலின் தந்தம் ஆயிற்றாம். கண் கொட்டாமல் கேட்டாள்.

அடுத்தது கடல் தேவதை செட்னாவின் கதை. இங்கேதான் தயங்குகிறேன். அப்பாவே மகளைப் படகிலிருந்து தள்ளி, விளிம்பைப் பிடித்த விரல்களை வெட்டுகிறார். அந்த விரல்களே சீல்களாகவும் வால்ரஸ்களாகவும் மாறுகின்றன. அவள் கோபித்தால் வேட்டை கிடைக்காது. ஷாமன் (ஆவிகளோடு பேசும் பூசாரி) கடலடிக்குப் போய் அவள் தலையை வாரிவிட வேண்டும். விரல் இல்லாதவளால் தானே வார முடியாதே! இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெட்டும் காட்சியை மென்மையாக்கினால் கதையே போய்விடும் என்று தோன்றுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னீர்கள்?

அப்புறம், இனுயிட் எழுத்தாளர்களே எழுதிய படக்கதைகள் வேண்டும். கனடாவின் இக்காலுயிட் நகரில் இயங்கும் இன்ஹாபிட் மீடியா பதிப்பகத்தின் நூல்களை வாங்கியவர்கள் இருந்தால், எட்டு வயதுக்கு எது பொருந்தும் என்று சொல்லுங்கள். பனிக்கட்டி விளிம்புக்குத் தனியாகப் போகும் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போகும் கல்லுபிலுக் என்ற கடல் பூதத்தின் கதையை இப்போதே படிக்கலாமா, இன்னும் இரண்டு வருடம் போகட்டுமா?