மறு: ஆஞ்சியோஜெனெசிஸுக்கு ‘இரத்தநாள உருவாக்கம்’ போதுமா?

எல்லாருக்கும் வணக்கம்.

கருத்தரங்கத் துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் சொற்களை முடித்துத் தரச் சொல்லி டீச்சர் கேட்டிருந்தார். பேச வருபவர் நம்ம குமரி மாவட்டத்துக்காரர், மூலக்கூறு உயிரியலாளர். ரத்தக்குழாய் எப்படி வளர்கிறது, வளரச் சொல்லும் செய்தி செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பது அவருடைய ஆய்வு. அவர் அனுப்பிய ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழாக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஆஞ்சியோஜெனெசிஸ் என்ற சொல் இடிக்கிறது.

> பத்திரிகைகளில் ‘இரத்தநாள உருவாக்கம்’ என்று ஏற்கெனவே வருகிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைக்கலாம் டீச்சர், ஆனால் ‘உருவாக்கம்’ இன்னொன்றுக்கு வேண்டும். கருவில் முதல் ரத்தக்குழாய்கள் உண்டாகும்போது அங்கே குழாயே கிடையாது. முன்னோடிச் செல்கள் கூடித் தாமே குழாயாகின்றன. அதற்கு வாஸ்குலோஜெனெசிஸ் என்று தனிப்பெயர் உண்டு. ஆஞ்சியோஜெனெசிஸ் என்பது இருக்கிற குழாயிலிருந்து புதிது கிளம்புவது. இரண்டையும் உருவாக்கம் என்றால், பேச்சாளர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் இடத்தில் நாம் முழிக்க வேண்டியதுதான்.

எம்.எஸ்சி. படிக்கும்போது அடைகாத்த கோழிமுட்டையில் இதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டில் சின்னச் சன்னல் வெட்டி, உள்ளிருக்கும் சவ்வின்மேல் மருந்து நனைத்த காகித வில்லையை வைத்து, சன்னலை டேப்பால் ஒட்டி மறுபடி அடைக்கு வைப்பார்கள். திறந்து பார்த்தால் சுற்றிலும் உள்ள பெரிய குழாய்களின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடுகள் பிரிந்து, வளைந்து, வில்லையை நோக்கியே வந்திருக்கும். அதைப் பார்த்தவன் உருவாக்கம் என்று சொல்லமாட்டான், ‘கிளைச்சிருக்கு’ என்றுதான் சொல்லுவான்.

ஆகவே என் முன்மொழிவு: குழற்கிளைப்பு. முதன்முறை எழுதும்போது குருதிக்குழல் கிளைப்பு. கருவில் நடப்பதற்குக் குழல் தோற்றம்.

> ‘நாளம்’ நல்ல சொல்தானே? ‘கலம்’ இன்னும் சுருக்கம்.

பள்ளிப் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பி படித்த பிள்ளைக்கு நாளம் என்றால் சுரப்பியின் குழாய். கலம் அதைவிடச் சிக்கல். ஈழத்துப் பாடநூல்களில் கலம் என்றாலே செல். குருதிக்கலம் என்று எழுதினால் யாழ்ப்பாணத்து நண்பர் ரத்த அணு என்று படிப்பார். இந்த இழையிலேயே அவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். ‘குருதிக்கால்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்க்காலில் வரும் கால்தான், அழகுதான். ஆனால் பிள்ளைகள் காலில் அடிபட்டு ரத்தம் வடிகிறதென்று நினைத்துக்கொள்ளும்.

இருந்தாலும் கால் என்றதும் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், பேச்சின் மையமே அதுதான். கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையைத் திறந்தால் தண்ணீர் மேலிருந்து கீழே வரும். கடைமடைக்காரன் எவ்வளவு கூப்பாடு போட்டாலும் அவன் வயலுக்குப் புதுக்கால் தானாக வளர்ந்து வராது. உடம்பில் வரும். ஆக்சிஜன் எட்டாத திசுவில் எச்ஐஎஃப் என்ற புரதம் சிதையாமல் தங்கிவிடுகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் செல் அதை உடனுக்குடன் அழித்துவிடும். தங்கிய எச்ஐஎஃப் மரபணுவைத் தூண்ட, விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வெளியே கசிந்து பரவுகிறது. அது அடர்த்தியாக இருக்கும் பக்கம் பார்த்துத்தான் புதுக்குழல் நீளுகிறது. ஆக்சிஜன் குறைவதைச் செல் எப்படி அறிகிறது என்று கண்டதற்குத்தான் 2019 நோபல் பரிசு, கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும். புற்றுக்கட்டியும் இதே வழியில் தனக்கு ரத்தம் வரவழைத்துக்கொள்கிறது. ஆகவே வழியை அடைத்தால் கட்டியை அடக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதியது 1971இல். அந்த வகையில், விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004இல்.

> சிக்னலுக்குச் சமிக்ஞையா, குறிகையா?

எது வைத்தாலும் சண்டைக்கு வரமாட்டேன். ரயில் ஏறுகிறவனுக்குச் சமிக்ஞை தெரியும். கஷ்டம் அடுத்த சொல்லில், வெளியே வந்த செய்தி செல்லுக்குள் உருமாறிப் போவதற்கான பெயரில்: டிரான்ஸ்டக்‌ஷன். ‘சமிக்ஞை கடத்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நம்ம ஊரில் கடத்தல் என்றால் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் ரேஷன் அரிசிதான் ஞாபகத்துக்கு வரும், அதைக்கூட மன்னிக்கலாம். பொருள் தவறுகிறதே. அரிசி இந்தப் பக்கமும் அரிசி, அந்தப் பக்கமும் அரிசி. செல்லில் அப்படி நடப்பதில்லை. விஇஜிஎஃப் வெளியே, செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டுகிறது. ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றின் வால்பகுதியில் மற்றது பாஸ்பேட் ஏற்றுகிறது. உள்ளே இருக்கும் புரதங்கள் அந்தப் பாஸ்பேட்டைப் பார்த்து வேலையைத் தொடங்குகின்றன. ஏக்‌டி என்ற நொதி வழியாகப் போகும் ஒரு கிளை நைட்ரிக் ஆக்சைடில் போய் முடியும். வெளியே புரதமாக இருந்த செய்தி உள்ளே வேறு உருவில் ஓடுகிறது. ஆகவே குறிபெயர்ப்பு என்று வைக்கலாமா? மொழிபெயர்ப்பு மாதிரியே அமைகிறது, ஒலியும் உறுத்தவில்லை.

நுனியில் வழிகாட்டிப் போகும் செல்லுக்கு நுனிச்செல், இதில் யாருக்கும் தகராறு இராது. பின்னால் பிரிந்து பெருகிக் குழலை நீட்டும் செல்லுக்குத் தண்டுச்செல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம், அது ஸ்டெம் செல்லுக்குப் போய்விட்டது. காம்புச்செல் சரியாக வரும். எது நுனிச்செல், எது காம்புச்செல் என்று பக்கத்துச் செல்கள் தீர்மானிக்க உதவும் ஏற்பிக்கு நாட்ச் என்று பெயர், அதை அப்படியே விடுவோம். பழ ஈயின் இறக்கை ஓரத்தில் வெட்டு விழுந்ததைப் பார்த்து வைத்த பெயர் அது. ‘வெட்டு’ என்று தமிழாக்கினால் மரபணுவையே வெட்டுகிறார்கள் என்று ஆகிவிடும்.

பூதப்பாண்டியிலிருந்து

——

மறு: மறு: ஆஞ்சியோஜெனெசிஸுக்கு ‘இரத்தநாள உருவாக்கம்’ போதுமா?

அண்ணாச்சி, குழல் எல்லாம் படிக்க நல்லா இருக்கு. நான் கண் வார்டில் வேலை பார்க்கிறவ. இங்கே வருகிற சர்க்கரைக்காரங்க யாரும் குழல், நாளம் எதுவும் சொல்லமாட்டாங்க. எல்லாம் ‘நரம்பு’தான். ‘கண்ணு நரம்புல ரத்தம் கசியுதுன்னு சொன்னாவ, கண்ணுக்குள்ளயே ஊசி போடணுமாம்.’ அந்த ஊசி நீங்க சொல்ற விஇஜிஎஃப்பைத் தடுக்கிறதுதான். துண்டறிக்கையை அவங்களும் படிப்பாங்கன்னா முதல் பத்தியில் ‘ரத்தக்குழாய்’னு போடுங்க. நரம்பு வேற, ரத்தக்குழாய் வேறன்னு ஒரு வரியும் வேணும்.

இன்னொண்ணு. புதுக்குழாய் வளருவது மட்டுமில்லை, கசிவதும் அதே காரணியாலதான். வளர்ச்சிக் காரணின்னு மட்டும் எழுதினா கசிவு விட்டுப்போகும்.

ஆசாரிபள்ளத்திலிருந்து

——

மறு: மறு: மறு: ஆஞ்சியோஜெனெசிஸுக்கு ‘இரத்தநாள உருவாக்கம்’ போதுமா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அக்கா. அந்த மூலக்கூறுக்கு முதலில் விழுந்த பெயரே கசிவை வைத்துத்தான். 1983இல் அமெரிக்க ஆய்வாளர் டுவோராக்கின் குழு அதைக் குழாய்க் கசிவுக் காரணி என்ற பொருளில் அறிவித்தது. 1989இல் இன்னொரு ஆய்வாளரான ஃபெராராவின் குழு வளர்ச்சிக் காரணி என்று வேறாகப் பிரித்தெடுத்தது. பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. வளர்ச்சிப் பெயர் நிலைத்துவிட்டது. கசிவுக்கு ஒரு வாக்கியம் சேர்த்துவிடுகிறேன். உடல் எழுத்தில் ரத்தக்குழாய், தலைப்பிலும் சொல்லடைவிலும் குழற்கிளைப்பு. நரம்பு பற்றிய வரி கட்டாயம் உண்டு.

குழாயின் நடுவே தூண் எழும்பி ஒன்றே இரண்டாகும் வகையும் இருக்கிறதே, அது எப்படிக் கிளைப்பாகும் என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். முளைக்கிளைப்பு, பிளவுக்கிளைப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். கருத்தரங்கப் பேச்சில் இரண்டாவது வராது.

மார்த்தாண்டத்து நண்பர் ‘காம்பு எதுக்கு, ஞெட்டுச்செல்னு வைங்க’ என்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது, விளவங்கோடு தாண்டினால் யாருக்கும் புரியாது என்பதுதான் தடை. குறிபெயர்ப்பு பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்து நண்பரே, அங்கே என்ன எழுதுகிறீர்கள்?

டீச்சர், இடம் போதவில்லை என்றால் நாட்ச் பத்தியை எடுத்துவிடுங்கள். எச்ஐஎஃப் பத்தியில் கை வைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் குழல் ஏன் கிளைக்கிறது என்றே தெரியாது.

பூதப்பாண்டியிலிருந்து