புதுப்பிப்பு: கோதுமை இல்லாத எங்கள் அடுப்படி, இரண்டு மாதம் கழித்து

மகளுக்கும் கணவருக்கும் சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று தெரிந்ததும், குளூட்டன் இல்லாத ரொட்டி வாங்கியே சம்பளம் கரைகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். அந்த ரொட்டியை வாங்குவதையே நிறுத்திவிட்டேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு எதற்கு அலைந்தேனோ! அரிசி, மக்காச்சோள மாவு, உடைத்த மக்காச்சோளமான சாம்ப், மைசூர் பருப்பு, காய்ந்த பீன்ஸ் எதற்கும் இங்கே 15 சதவீத வாட் வரி கிடையாது. காலையில் இட்லி, இரவில் மக்காச்சோளக் களியும் பீன்ஸ் கறியும்.

ஆனாலும் மகளின் வயிற்றுவலி போகவில்லை. கடைசியில் பிடிபட்ட திருடன், பெருங்காயம்! டப்பாவில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. தினமும் சாம்பாரில் நானேதான் போட்டிருக்கிறேன். “ஒரு சிட்டிகைதானே” என்றார் மாமியார். அந்தச் சிட்டிகையும் ஆகாது, அத்தை. இப்போது பூண்டுதான்.

பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் டர்பன் உணவு) ஆசை மட்டும் தீரவில்லை. ரொட்டிக்குப் பதில் பெரிய உருளைக்கிழங்கை வேகவைத்துக் குடைந்து கறி நிரப்பினேன். கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாவதும் கேட்டார்.