இஞ்சி சோடா: முதல் தடவை கேஸே இல்லை, அடுத்த தடவை பாட்டில் வெடித்துவிட்டது

ஆதம்பாக்கம் அடுக்களை:

வணக்கம். லீவுக்குப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கடைக் கலர் வேண்டாமே என்று வீட்டிலேயே இஞ்சி சோடா போட ஆரம்பித்தேன். ஜிஞ்சர் பக் என்கிறார்களே, அந்த உறை நன்றாகவே வந்தது. தினம் துருவிய இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு ஸ்பூன் போட்டதில் ஐந்தாம் நாளே நுரை கட்டியது.

ஒரு லிட்டர் தண்ணீரில் இஞ்சி, 100 கிராம் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, அரை டம்ளர் உறை விட்டு, கம்பி மூடி போட்ட சதுரக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். மூன்று நாள் வெளியிலேயே வைக்கச் சொல்லியிருந்தார்கள், வைத்தேன். ஒரு குமிழி இல்லை. பானகம் மாதிரி இருந்தது.

இரண்டாம் தடவை வேலை வந்துவிட்டதால் கொதித்ததை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் உறை விட்டேன். மற்றதெல்லாம் அதேதான். மூன்றாம் நாள் விடியற்காலை டமார் என்று சத்தம். அலமாரியைத் திறந்தால் ஒரு கண்ணாடிச் சில்லு பருப்பு டப்பாவின் மூடியில் குத்தி நிற்கிறது. என் பெண் அந்த அலமாரிக்கு எதிரில்தான் உட்கார்ந்து படம் வரைவாள். நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

ஏன் இப்படி? இன்னொன்று, இப்போது உறையைக் கிளறினால் ஸ்பூனோடு நூல் மாதிரி இழுக்கிறது. கொட்டிவிடவா?

வடபழனி வாசி:

மெட்ரோ தண்ணீரா? குளோரின் இருந்தால் ஈஸ்ட் எழும்பாது. கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இஞ்சியைத் தோலோடு போட வேண்டும்.

ராயபுரம் சோடாக்கடை:

சகோதரி, யாருக்கும் அடிபடவில்லையே, அதுவே பெரிய நிம்மதி. எங்கள் அப்பா சோடா போட்டு விற்றவர். கோலி பாட்டிலில் கேஸ் ஏற்றும்போது வலைத் தடுப்பு இருக்கும். அப்படியும் அவர் வலது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தண்ணீர்க் கோளாறாகத் தெரியவில்லை. உறைதான் நுரைத்ததே, பாகையும் கொதிக்க வைத்திருக்கிறீர்கள். முதல் தடவை சூடு ஆறுவதற்குள் உறை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 50 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் தாங்காது. நன்றாகக் கலக்கிவிட்டுப் பாத்திரத்தின் மேல் புறங்கையை வையுங்கள். சூடே தெரியக்கூடாது.

இரண்டாம் தடவை ஈஸ்ட் உயிரோடு இருந்தது. இந்தக் கணக்கைப் பாருங்கள்: 4 கிராம் சர்க்கரை புளித்தால் சுமார் ஒரு லிட்டர் கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் சோடா சுள்ளென்று இருக்க மூன்று நான்கு லிட்டர் வாயு போதும், அதாவது 12 முதல் 16 கிராம் சர்க்கரை. நீங்கள் போட்டது 100 கிராம். மீதி இனிப்புக்காக இருக்கிறது, ஆனால் ஈஸ்டுக்கு அது தெரியாது, தின்றுகொண்டே போகும். அதன் வேகத்தை அடக்குவது ஃபிரிட்ஜ்தான். மூன்று நாள் என்பது 20 டிகிரி ஊர்க்காரர்கள் சொன்னது. மே மாதச் சென்னைச் சமையலறையில் ஒரு நாளே அதிகம்.

அதனால் நாளை எண்ணாதீர்கள். காலி சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். விரல் உள்ளே போகாத அளவு இறுகியதும் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு நாள் கழித்துத் திறங்கள். குளிர்ந்தால்தான் வாயு தண்ணீரில் தங்கும். சதுரக் கண்ணாடி பாட்டில் அழகுக்குச் செய்தது. தயவுசெய்து இனி அதில் ஊற்ற வேண்டாம்.

நூல் இழுப்பது கெட்டுப்போனதால் இல்லை. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் சர்க்கரையை இப்படிக் கொழகொழப்பாக்கும். இரண்டு மூன்று நாள் புது இஞ்சி போட்டுக் கிளறுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். மேலே பூஞ்சை படர்ந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாயு வரும்போது கூடவே ஆல்கஹாலும் வரும். 10 கிராம் சர்க்கரை புளித்தால் லிட்டருக்குச் சுமார் அரை சதவீதம். என் பேரனுக்கு நான் இஞ்சிப் பாகில் வெறும் சோடா கலந்துதான் தருகிறேன்.

வடபழனி வாசி:

அப்போ இன்னும் நாலு நாள் விட்டால் பீர் ஆகிவிடுமா?

ராயபுரம் சோடாக்கடை:

பீருக்கு முளைகட்டிய பார்லி வேண்டும் தம்பி. அதை வீட்டில் காய்ச்சுவது நம் மாநிலத்தில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆதம்பாக்கம் அடுக்களை:

அண்ணா, முதல் தடவை வடிகட்டிய கையோடு உறை விட்டது இப்போது ஞாபகம் வருகிறது. நேற்று காலை பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினேன். ராத்திரி ஒன்பது மணிக்கே கல் மாதிரி இறுகிவிட்டது! ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. பெரியவர்களுக்கு மட்டும் அது. பிள்ளைகளுக்குப் பாகு காய்ச்சி வைத்துவிட்டேன்.