ஐந்தாவது குண்டு மட்டும் ஏன் மேலே ஏறுகிறது?

மயூர் விகார் வாசகர்: டெல்லிக்கு வந்தபின் மேசைத் துப்பாக்கி சுடுதல், அதாவது துப்பாக்கியை மேசைமேல் தாங்கிவைத்துச் சுடுவது, பழகுகிறேன். 4.5 மி.மீ. குண்டு போடும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் (ஸ்பிரிங் அழுத்தும் காற்றால் குண்டைத் தள்ளும் துப்பாக்கி), தூரம் 10 மீட்டர், முன்னால் மரத்தாங்கி, பின்னால் மணல் பை. நான்கு குண்டுகள் ஒரே ஓட்டையில் விழுகின்றன. ஐந்தாவது மேலே ஓடிவிடுகிறது. மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஆர்.கே. புரம் பெரியவர்: தம்பி, மரத்தாங்கியை எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கியின் உடல் துள்ளத் தொடங்கிவிடும். கடினமான பொருளில் பட்டால் துள்ளல் ஒவ்வொரு முறையும் மாறும். இடது உள்ளங்கையை மெத்தென்ற பையின்மேல் விரித்து, அதில் துப்பாக்கியைக் கிடத்துங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். கை தினமும் ஒரே இடத்தில் இருக்க, துப்பாக்கிக் கட்டையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடுதான் எனக்கு வழிகாட்டி.

துவாரகா வாசகி: பெரியவர் சொல்வது சரி. பின்பக்கப் பையையும் பாருங்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, வெயிலில் காயவைத்த மணலைக் கெட்டியாக நிரப்பினேன். பையை அழுத்தினால் குறி கீழிறங்கும், விட்டால் ஏறும். மூச்சு பாதி வெளியேறியதும் விசையை இழுங்கள். குண்டுகளின் சிதறலை அளக்கவும் பழகுங்கள்: ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரு ஓட்டைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும்.

மயூர் விகார் வாசகர்: ஐயா, அக்கா, இன்று கையை விரித்துச் சுட்டேன். சிதறல் சென்ற வாரம் 14 மி.மீ., இன்று 8. சுட்ட குறி அட்டையைப் பத்திரப்படுத்திவிட்டேன்.