கேரளா பில்லிலும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழுது: ஆப்பை மாத்தணுமா?

முறுக்குக்கடை_செங்கோட்டை:
முறுக்கு, மிக்சர், காராச்சேவு பாக்கெட் போட்டு மொத்த வியாபாரம். ரெகுலர் ஜிஎஸ்டி, காலாண்டு ரிட்டர்ன். மாசம் 60, 70 பில். பாதிக்கு மேல ஆரியங்காவு தாண்டி தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை கடைகளுக்குப் போகுது. இதுவரை எக்செல், இந்த மாசம் ஒரு மொபைல் ஆப்பைச் சோதிச்சுப் பாக்கோம். புனலூர் பார்ட்டி பில்லிலும் வரியை சிஜிஎஸ்டி (மத்திய அரசு வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு வரி)-ன்னு ரெண்டாப் பிரிச்சுக் காட்டுது. ஆப் கோளாறா? பேசாம டேலி கணக்கு சாஃப்ட்வேர் வாங்கிரலாமா? கடையில கணக்குப்பிள்ளை கிடையாது, ஆடிட்டர் தென்காசியில.

பேரேடு:
ஆப்பைக் குறை சொல்லாதீங்க அண்ணாச்சி, பார்ட்டி விவரத்துல மாநிலம் காலியா இருக்கும். காலியா விட்டா பல ஆப்கள் உங்க மாநிலத்தையே எடுத்துக்கிடும். பார்ட்டியைத் திறந்து ஜிஎஸ்டி நம்பரைப் போடுங்க. முதல் ரெண்டு இலக்கம் 32-ன்னா கேரளா, 33 நம்மது. மாநிலம் கேரளான்னு தேர்ந்தெடுத்த பிறகு, பில்லுக்குள்ள 'சப்ளை இடம்' எதுன்னு தனியாப் பாருங்க. 10,000 ரூபாய் சரக்குக்கு 5 சதவீதத்துல ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரி, 500-ன்னு ஒரே வரியா வரணும். 250, 250 வந்தா தப்பு.

பார்ட்டியைத் திருத்தினா பழைய பில் தானா மாறாது. ஒவ்வொண்ணாத் திறந்து மாத்தி சேமிக்கணும். ரிட்டர்ன் போறதுக்கு முந்தி இதை முடிச்சிருங்க. வரியை மாத்திக் கட்டிட்டா, ஐஜிஎஸ்டியைப் புதுசாக் கட்டிட்டு, முன்னால கட்டினதுக்கு ரீஃபண்ட் கேக்கணும். ஐஜிஎஸ்டி சட்டம் 19-ஆம் பிரிவுப்படி வட்டி கிடையாது, ஆனா பணம் முடங்கிரும்.

ஜிஎஸ்டி இல்லாத பெட்டிக்கடைன்னா பில்லுல கேரளா முகவரி கட்டாயம் எழுதுங்க. முகவரியே இல்லாத பில்லை உள்ளூர் விற்பனையாத்தான் எடுத்துக்கிடுவாங்க.

ஆடிட்_உதவி:
எதை வாங்கலாம்ங்கிறதுக்கு என் கருத்து. 70 பில்லுக்கு டேலி அவசியமில்ல. கணக்கு எழுதத் தெரிஞ்ச ஆள் உக்காந்தாத்தான் அதுக்குப் பலன். ஆடிட்டர் டேலியில வேலை செய்றார்னா, உங்க ஆப்பிலிருந்து டேலிக்கு ஏத்துற ஃபைல் வருதான்னு அவர்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க. டேலியைப் பழகிப் பாக்கணும்னா எஜுகேஷனல் மோடு இலவசம். அதுல 1, 2, 31-ஆம் தேதிகளுக்கு மட்டும்தான் பதிவு போட முடியும்.

ஸோஹோ இன்வாய்ஸ் இலவசம், ஆனா அது பில் போட மட்டும்தான். எண்ணெய், கடலைமாவு கொள்முதலுக்குக் கட்டின வரியைக் கழிக்க (இன்புட் வரி) கணக்குப் பாக்கணும்னா ஸோஹோ புக்ஸ் மாதிரி முழுக் கணக்கு வேணும், அதுக்கு நெட் வேணும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஸோஹோ ஆபீஸ் இருக்குன்னு பாசத்துல வாங்கிராதீங்க. மலைப்பாதையில வண்டியில இருந்தபடியே பில் போடணும்னா நெட் இல்லாமலும் ஓடுற வியாபார் மாதிரி ஆப்தான் தோது.

எதுவானாலும் பணம் கட்டுறதுக்கு முந்தி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) ஏத்துற ஜேசன் ஃபைலை எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புங்க. 2025 மே மாசக் கணக்குல இருந்து ஹெச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீட்டு எண்) பட்டியல்ல பதிவு பெற்றவங்களுக்கு வித்தது, பெறாதவங்களுக்கு வித்ததுன்னு தனித்தனியாக் காட்டணும். அப்டேட் வராத சாஃப்ட்வேர் இங்கதான் மாட்டும். அலகு 'பாக்கெட்'னு தமிழ்ல இருந்தாலும் தப்புன்னு காட்டும். பிஏசி (PAC)-ன்னு மாத்துங்க, கிலோவுக்கு கேஜிஎஸ் (KGS). மிக்சருக்கு ஹெச்எஸ்என் 2106, நாலு இலக்கம் போதும். பழைய ஐட்டம் லிஸ்ட்டுல வரி 12-ன்னு நின்னா திருத்துங்க, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5.

முறுக்குக்கடை_செங்கோட்டை:
32 போட்டதும் ஐஜிஎஸ்டி சரியா வந்துட்டு. எக்செல்ல 214-ஆவது பில்லுல நிக்கோம். ஆப்புல 1-ல இருந்து தொடங்கலாமா? பழைய பாக்கி எப்படி ஏத்த?

பேரேடு:
வெறும் 1 வேண்டாம், ஒரே நிதியாண்டுல அந்த நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாது. ஒண்ணு 215-ன்னு தொடருங்க, இல்லன்னா முன்னால ஒரு எழுத்துச் சேத்துப் புது வரிசை போடுங்க. எழுத்து, எண், கோடு எல்லாம் சேத்து 16-க்குள்ள இருக்கணும். தப்பாப் போன பில்லை அழிக்காம 'கேன்சல்' பண்ணுங்க. எந்த நம்பர்ல இருந்து எதுவரை, எத்தனை கேன்சல்னு ரிட்டர்ன்ல கேப்பான்.

பாக்கியை மொத்தமா 'புனலூர் 38,000'னு ஏத்தாதீங்க. பில் நம்பர், தேதியோட ஒவ்வொண்ணா ஏத்துங்க. அவங்க பாதிப் பணம் அனுப்பும்போது எந்தப் பில்லுல கழிக்கன்னு தெரியாம முழிக்க வேண்டியது வரும்.

ஆடிட்_உதவி:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரே பில் வரியோட சேத்து 50,000 தாண்டினா கேரளாவுக்கு இ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஆன்லைன்ல எடுக்குற சீட்டு) வேணும். ஆப்புல வண்டி நம்பர் கட்டம் இருக்கான்னும் பாத்துக்கிடுங்க.