முதல்ல எழுத்தா, வில்லா?

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. ராத்திரி தறியை நிறுத்துன பின்னாடி சிவிலைசேஷன் 6ங்கற கம்ப்யூட்டர் கேம் ஆடறேன். ஆராய்ச்சில எப்பவும் மண்பாண்டம், எழுத்துன்னு நேரா ஓடிருவேன். அதுக்குள்ள காட்டுமிராண்டிக வந்து பண்ணையைப் பூராவும் சூறையாடிட்டுப் போயிடறாங்க. எதை முதல்ல ஆராயறதுங்க?

சென்னிமலை அண்ணன்:
தம்பி, ஊரைச் சுத்தி என்ன கெடக்குதுன்னு பாருங்க முதல்ல. நெல்லு, கோதுமைல பண்ணை போட ஒரு ஆராய்ச்சியும் வேண்டாம். ஆடு, மாடு இருந்தா கால்நடை வளர்ப்பைப் புடிங்க. வில்வித்தைக்கும் அதுதான் வாசல். ரெண்டாவது ஆளா ஒரு கவண்காரனை எடுங்க. போர்வீரன் அடிச்சு அடிச்சு எதிரியைக் குத்துயிரா ஆக்கட்டும், ஆனா கடைசி அடி கவண்காரனோடதா இருக்கோணும். அப்பத்தான் வில்வித்தை ஆராய்ச்சில 40 சதவீதம் சும்மாவே கெடைக்கும், பழைய பதிப்புல 50. போர்வீரன் கொன்னா வில்வித்தைக்கு ஒண்ணும் வராது. நான் இதுல பலதடவை கோட்டை விட்டிருக்கேன்.

எழுத்துக்கு அவசரமே வேண்டாமுங்க. வேறொரு நாட்டைச் சந்திச்சாலே அதுக்கும் சலுகை உண்டு.

மூணு காட்டுமிராண்டியைக் கொன்னா வெண்கல ஆராய்ச்சிக்கும் சலுகை. அதை முடிச்சாத்தான் வரைபடத்துல இரும்பு தெரியும். அது தெரியறப்பல்லாம் எனக்கு நம்ம கொடுமணல் ஞாபகம்தான். நொய்யல் கரைல இரும்பு உருக்குன உலையைத் தோண்டி எடுத்தாங்களே, அந்த மண்ணுலதான நாம இருக்கோம்!

கோபி:
சுரங்க ஆராய்ச்சியை மறந்துட்டீங்களேண்ணா. காடு வெட்டறதுக்கு அதுதானுங்க வேணும்.

பெருந்துறைக்காரன்:
கடைசி அடி சமாச்சாரம் தெரியாமப் போச்சுங்கண்ணா. இன்னைக்கு ராத்திரியே கவண்காரனை எறக்கறேன்.