நண்டுக்கால்: வீட்டில் சமைத்தவர்கள் சொல்லுங்கள்

பரங்கிப்பேட்டை மகள்

நண்டு என்றாலே எல்லோரும் ஓட்டுக்குள் இருக்கும் சதையையும் பெரிய கொடுக்கையும்தான் பேசுகிறார்கள். மெல்லிய கால்களைப் பாதி வீடுகளில் கழுவும்போதே குப்பையில் போட்டுவிடுகிறார்கள், மீன் மார்க்கெட்டில் சுத்தம் செய்து தருபவரும் கேட்காமலே வெட்டித் தள்ளிவிடுவார். அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கறிக்குச் சதை, ரசத்துக்குக் கால் என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அதனால் முதலிலேயே "அண்ணே, காலைத் தனியா குடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் பக்கம் அதிகம் வருவது நீலக்கால் நண்டு, அப்புறம் முதுகில் மூன்று புள்ளி இருக்கும் நண்டு. வெள்ளாற்று முகத்துவாரத்தில் களி நண்டும் கிடைக்கும், அதன் கால் ஓடு தடிமன், உடைக்க நல்ல பலம் வேண்டும். ரசத்துக்கு எதுவானாலும் சரி, ஆனால் செத்து நேரமான நண்டு மட்டும் வேண்டாம், நண்டுச் சதை மீனைவிட வேகமாகக் கெடும். கையில் தூக்கினால் அளவுக்கு மேல் கனமாகத் தெரிய வேண்டும். பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வயிற்று மடலுக்கு வெளியே முட்டை திரளாக ஒட்டியிருக்கும் சினை நண்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அது கடலில் இருக்க வேண்டியது. நாம் வாங்குவதை நிறுத்தினால்தான் அதைக் கரைக்குக் கொண்டுவருவதும் குறையும்.

இனி ரசம். கால்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், மூட்டு இடுக்கில்தான் சேறு ஒளிந்திருக்கும். கூரான நுனியை நறுக்கிப் போட்டுவிட்டு அம்மியில் வைத்து ஒவ்வொரு காலையும் இரண்டு தட்டு தட்டினால் போதும். ஓடு பிளந்து, நிறமே இல்லாத சதை நூலாக வெளியே வரும், கூடவே கொஞ்சம் நீர் கசியும். அந்த நீரைச் சிந்தாமல் வழித்துப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். நிறைய பேர் மிக்ஸியில் போட்டு அரைக்கிறார்கள், எனக்கு அது ஒத்துவராது, ஓடு பொடியாகி எத்தனை வடிகட்டினாலும் நாக்கில் நறநறக்கும். அப்புறம் நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, கொரகொரப்பாக இடித்த மிளகு சீரகம், மஞ்சள் தூள், தண்ணீர் எல்லாம் சேர்த்து மிதமான தீயில் கால் மணி நேரம். சாம்பலும் நீலமுமாக இருந்த ஓடு கண்ணெதிரே சிவந்துவிடும். அந்தச் சிவப்பு முன்பே ஓட்டில் இருப்பதுதான், ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, சூட்டில் அந்தப் புரதம் குலைந்ததும் நிறம் வெளியே வருகிறது.

வடிகட்டுவதில் மட்டும் அவசரம் கூடாது. முதலில் சல்லடை, பிறகு மெல்லிய வெள்ளைத் துணி. வடித்த நீரில் நீர்க்கக் கரைத்த புளியும் பிசைந்த தக்காளியும் சேர்த்து, நுரை கட்டி வரும்போதே இறக்கி, நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பெருங்காயம் போட மாட்டேன், அது நண்டு வாசனையை அமுக்கிவிடும். சளி பிடித்த பிள்ளைகளுக்கு எங்கள் தெருவில் முதலில் கொடுப்பது இதைத்தான்.

நியூஜெர்சியில் இருந்து

அக்கா, நீங்கள் குப்பைக்குப் போவதாகச் சொல்லும் காலுக்குத்தான் இங்கே கூட்டம். ஸ்னோ கிராப், கிங் கிராப் என்ற நீளக் கால் குளிர்கடல் நண்டுகள் இரண்டையும் பெரும்பாலும் காலாகத்தான் விற்கிறார்கள், அதுவும் உறைய வைத்து, கொத்துக் கொத்தாக. நம் ஊரில் இருந்து புதிதாக வருபவர்கள் இதைப் பச்சை நண்டு என்று நினைத்துக் குழம்பில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். தெரிந்த ஒரு வீட்டில் அப்படிச் சாப்பிட்டேன், நார் நாராக, சப்பென்று இருந்தது, போட்ட பணத்தை நினைத்து அவர்களுக்காக வருத்தப்பட்டேன். கால் ஏற்கெனவே ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதென்றால் அது பிடித்த இடத்தருகிலேயே அவித்து உறைய வைத்தது, நாம் செய்ய வேண்டியது சூடாக்குவது மட்டும்தான்.

நான் இட்லிப் பானையில்தான் செய்கிறேன். முந்தின நாள் இரவே ஃப்ரீசரில் இருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டில் வைத்துவிடுவேன், நிறைய நீர் இறங்கும். மறுநாள் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு கால்களை மடக்கி அடுக்கி மூடி, ஸ்னோ கிராப் என்றால் 6, 7 நிமிடம், தடித்த கிங் கிராப் என்றால் இன்னும் சற்றுக் கூட. உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், பெரும்பாலும் உப்பு நீரில் முக்கித்தான் உறைய வைக்கிறார்கள், அந்த உப்பே போதும். காலின் அடிப்பக்கம் வெளுத்து, ஓடு கொஞ்சம் மெல்லிசாக இருக்கும். அந்தப் பக்கமாகச் சமையல் கத்தரிக்கோலை விட்டு நீளவாக்கில் வெட்டினால் சதை முழுசாக, உடையாமல் வரும். தொட்டுக்கொள்ள உருக்கின வெண்ணெயில் நசுக்கின பூண்டு, மிளகு, கறிவேப்பிலை, கடைசியில் எலுமிச்சை பிழிந்துவிடுவேன், என் பிள்ளைகள் இதைச் சுடுசோற்றில் ஊற்றியும் சாப்பிடுவார்கள்.

கிங் கிராப்பை எண்ணிப் பாருங்கள், கொடுக்கு தவிர மூன்று ஜோடிக் கால்தான் கண்ணில் படும். காலியான சங்குக்குள் குடியிருக்குமே அந்த நண்டுதான் இதற்கு நெருங்கிய சொந்தம், நம் ஊர் நண்டு தூரத்துச் சொந்தம்தான்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் 2018-க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் 1000 கோடிக்கும் மேல் ஸ்னோ கிராப் காணாமல் போனது. கடல் சூடானதால் அவற்றின் பசி கூடி, தீனி போதாமல் பட்டினியில் செத்திருக்கும் என்று 2023-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2022 அக்டோபரில் முதன்முறையாக அந்த மீன்பிடிப்புக்கே தடை போட்டார்கள், 2024-ல்தான் சிறிய அளவில் மறுபடி திறந்தார்கள். அதைப் படித்த பிறகு பெட்டியில் எந்தக் கடல் என்று பார்க்காமல் நான் வாங்குவதில்லை, இப்போது பெரும்பாலும் கனடா நண்டுதான் கைக்கு வருகிறது. அடிக்கடி வாங்குவதையும் விட்டுவிட்டோம், விசேஷத்துக்கு மட்டும்தான்.

யாழ்ப்பாணத்துப் பேத்தி

அக்கா, நண்டுக்கால் இல்லாத கூழை எங்கட வீட்டில் கூழ் என்று ஒத்துக்கொள்ள மாட்டினம். ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டால்தான் கசப்புப் போகும். பெரிய சட்டியில் மீன், இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு எல்லாம் அவிய, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, மாவைக் கரைத்து விட்டு, இறக்கும்போது முருங்கை இலை. அம்மம்மா கால்களை இடிக்க மாட்டா. முழுசாகவே போட்டு, "கடிச்சு உறிஞ்சத்தானே பல்லு இருக்குது" என்பா. பலா இலையைக் கோலிக் கூழைக் குடித்துக்கொண்டே இடையில் ஒரு காலை எடுத்துக் கடித்தால், உறைப்பும் புளிப்பும் ஏறின சாறு ஓட்டுக்குள் இருந்து வரும். வடிகட்டின ரசத்தில் அது கிடைக்காது என்றுதான் நான் சொல்லுவன். நண்டுக் கறிக்கும் முருங்கை இலை போட்டுப் பாருங்கோ.

ஒரு அம்மா

ஒரு வார்த்தை. என் மகனுக்கு நண்டு, இறால் இரண்டும் ஆகாது, சாப்பிட்டால் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். சாப்பிடாமல், கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி பட்டுமே சிலருக்கு அப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். சளிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரசம் கொடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ரசத்தில் சதை தெரியாவிட்டாலும் நண்டு நண்டுதான்.

மண்டபம் பக்கம்

எங்கள் அம்மா நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்து நீலக்கால் நண்டை அவித்து, பெண்கள் உட்கார்ந்து கையாலேயே சதை எடுத்து, தரம் பிரித்து டப்பாவில் அடைத்தால் அது அமெரிக்காவுக்குப் போகும். அதிலே அதிக விலை போவது எது தெரியுமா? கடைசிக் காலில், துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்குமே அந்த நீந்துகிற கால், அது உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும் இரண்டு பெரிய உருண்டைச் சதை. நாள் முழுக்க நீந்துகிற கால் அல்லவா, அங்கேதான் சதை திரண்டிருக்கும். வீட்டில் நண்டைப் பிளக்கும்போது அந்தக் காலை வெடுக்கென்று முறுக்கி இழுக்காதீர்கள். அதை மட்டும் அடியோடு விட்டு, சுற்றியுள்ள மெல்லிய ஓட்டை விரலால் உடைத்துக்கொண்டே வந்தால், காலைப் பிடித்தபடி அந்த உருண்டையை அப்படியே வாயில் போடலாம்.

மற்ற மெல்லிய கால்களுக்கு அம்மா பூரிக்கட்டை வைத்திருந்தார். அவித்த காலின் இரண்டு மூட்டையும் நறுக்கிவிட்டு, ஒரு முனையில் இருந்து அழுத்தி உருட்டினால் மறு முனையில் சதை முழுசாக வெளியே வரும். ஒரு கிண்ணம் சேர்ந்ததும் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத் தூளோடு புட்டு மாதிரி உதிரியாகக் கிளறி, கடைசியில் தேங்காய்த் துருவல் தூவுவார். மெனக்கெட வேண்டும்தான், ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே உருட்டினால் வேலை ஓடிவிடும்.

பரங்கிப்பேட்டை மகள்

மண்டபத்துத் தோழி, உருட்டி முடித்த ஓட்டை எறிந்துவிடாதீர்கள், அவித்த ஓடுதான் என்றாலும் தட்டிப் போட்டு அதே மாதிரி ரசம் வைக்கலாம், சாறு சற்று இளசாக இருக்கும், அதனால் ஓடு கொஞ்சம் கூடப் போட்டுத் தண்ணீரைக் குறையுங்கள். நண்டு அவித்த தண்ணீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள். யாழ்ப்பாணத்துத் தங்கைக்கு: இங்கே ஒடியல் மாவு எளிதில் கிடைப்பதில்லை. கூழுக்கு நண்டை முழுதாகப் போடுகிறீர்களா, ஓட்டை எடுத்துவிட்டு நாலாக வெட்டியா? மாவு கரைத்து விட்ட பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், மாவு கிடைக்கும்போது செய்துபார்த்துச் சொல்கிறேன்.